கங்காருவின் பையும் கைவேலையின் கணக்கும்

சென்ற நவராத்திரியின்போது நம் சங்கத்தின் மாதர் பிரிவினர் கைவேலைப் பொருள்களின் விற்பனை ஒன்றை நடத்தியது தில்லிவாழ் நேயர்கள் பலருக்கு நினைவிருக்கலாம். ஒயர்க் கூடைகளும், பாசிமணித் தோரணங்களும், மரப்பாச்சிகளுக்கான பட்டுச் சட்டைகளும் பரப்பியிருந்த மேசையின் ஓரத்தில், ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த உயரமுள்ள கங்காரு ஒன்று வாலை ஊன்றி நின்றுகொண்டிருந்தது. பழுப்பு நிறக் கம்பளி நூலைக் குரோஷா ஊசியால் பின்னிச் செய்த பொம்மை அது. அதன் வயிற்றில் ஒரு பை. பைக்குள்ளிருந்து கட்டைவிரல் அளவில் ஒரு குட்டி எட்டிப் பார்த்தது. அதைச் செய்தவர், நாம் அனைவரும் ‘பெரியம்மா’ என்று அழைக்கும் மூத்த அங்கத்தினர். விலைச்சீட்டில் 300 ரூபாய் என்று எழுதினார். எழுதிய பின், அதிகமோ என்று நம்மிடம் இருமுறை கேட்டார்.

மாலையில் ஓர் இளைஞர் மனைவியுடனும் குழந்தையுடனும் வந்தார். வந்ததும் வராததுமாகக் குழந்தை அந்தக் குட்டியை வெளியே எடுத்தது, மறுபடி பைக்குள் வைத்தது, மறுபடி எடுத்தது.

“பெரியம்மா, இந்தக் காசுக்குக் கடையில் பெரிய கரடி பொம்மையே கிடைக்குமே! வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில் போட்டதுதானே? நூற்றைம்பது வைத்துக்கொள்ளுங்கள்” என்றார் இளைஞர்.

“குழந்தை ஆசைப்படுகிறது, எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி” என்று பெரியம்மா காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டார்.

அந்த இளைஞர்மீது நமக்குச் சினம் இல்லை. ஜன்பத்திலும் தில்லி ஹாட்டிலும் நாமே எத்தனையோ முறை இவ்வாறு பேரம் பேசியிருக்கிறோம். ஆயினும் ‘சும்மா இருக்கிற நேரம்’ என்ற அந்தச் சொல் மனத்தில் தைத்துவிட்டது. இரவு மேசைகளை மடித்து வைக்கும்போது, “இதைச் செய்ய எத்தனை மணி நேரம் ஆயிற்று, பெரியம்மா?” என்று கேட்டோம். அவர் சிரித்துவிட்டு, “அதையெல்லாம் யார் எண்ணினார்கள்? கண்ணியைத்தான் எண்ணினேன்” என்றார்.

அந்த மறுமொழியே இக்கட்டுரைக்குக் காரணம். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் பெரியம்மாவுடன் அமர்ந்து, அதே கங்காருவை மீண்டும் ஒருமுறை பின்னினோம். இம்முறை கண்ணிகளையும் எண்ணினோம், மணிகளையும் எண்ணினோம். கற்றுக்கொண்டவற்றை நேயர்கள் முன் வைக்கிறோம். செய்து பார்க்க விரும்பும் சகோதரிகளுக்குச் செய்முறையாகவும், வாங்க விரும்புவோர்க்கு ஒரு கணக்காகவும் இது பயன்படும் என நம்புகிறோம்.

பை படைத்த பிராணிகள்

பொம்மை செய்யுமுன் அப்பிராணியை அறிந்துகொள்வது நலம். வயிற்றுப் பையில் குட்டியை வளர்க்கும் இனத்தைப் பைப்பாலூட்டிகள் என்பர். உலகில் இவ்வினத்தில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவிலும் அதனை அடுத்த தீவுகளிலும் வாழ்கின்றன. எஞ்சியவை அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை. நம் பாரத நாட்டுக் காடுகளில் இவை இல்லை. ஆயினும் ஆங்கில அரிச்சுவடியின் புண்ணியத்தால் நம் குழந்தைகள் கங்காருவை அறியாதவர்கள் அல்லர்.

‘கங்காரு’ என்பதற்கு ‘எனக்குத் தெரியாது’ என்று பொருள் என ஒரு கதை வழங்குகிறது. அது கட்டுக்கதை. 1770ஆம் ஆண்டு காப்டன் குக்கின் கப்பல் பழுதுபார்ப்பதற்காக ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரையில் தங்கியிருந்தபோது, அங்கு வாழ்ந்த கூகு இமிதிர் மக்களிடமிருந்து கேட்டுக் குறித்துக்கொண்ட சொல்லே அது. அம்மக்களின் மொழியில் ஒருவகைக் கங்காருவின் பெயர் ‘கங்குரு’ என்பதாகும்.

செங்கங்காருவின் கர்ப்ப காலம் ஏறத்தாழ 33 நாட்களே. பிறக்கும் குட்டியின் எடை ஒரு கிராமுக்கும் குறைவு. நீளம் நம் சுண்டுவிரலின் ஒரு கணு அளவே இருக்கும். கண் திறவாத, மயிர் முளைக்காத அந்த உயிர், முன்னங்கால்களால் தாயின் உரோமத்தைப் பற்றிப் பற்றி ஏறித் தானே பையை அடைகிறது. அங்கே ஒரு முலைக்காம்பைக் கவ்விக்கொள்கிறது. காம்பு அதன் வாய்க்குள் பருத்துவிடுவதால், தாய் எவ்வளவு துள்ளினாலும் குட்டி நழுவுவதில்லை. பல மாதங்கள் சென்றபின் வெளியே தலைநீட்டும், இறங்கும், அஞ்சினால் மீண்டும் பைக்குள் பாயும். ஏறத்தாழ எட்டு மாதத்தில் பையை விட்டு நிலையாக வெளியேறும். அதன்பின் பைக்குள் வேறொரு சிசு வந்திருக்கக்கூடும். அப்போது தாய் ஒரு காம்பில் சிசுவுக்கு ஒருவகைப் பாலும், மற்றொரு காம்பில் மூத்த குட்டிக்கு வேறுவகைப் பாலும் ஒரே காலத்தில் சுரக்கிறது.

பையின் வாய் எல்லாப் பிராணிகளுக்கும் ஒரு திசையில் இல்லை. கங்காருவின் பை மேல்நோக்கித் திறந்திருக்கும். மண்ணைத் தோண்டி வளையில் வாழும் வாம்பட் என்னும் பிராணிக்கோ பை பின்னோக்கித் திறக்கிறது. தாய் வாரி எறியும் மண் குட்டியின்மீது விழாதிருக்க இயற்கை செய்த ஏற்பாடு அது. பொம்மை வாம்பட் செய்வோர் இதை மறந்து பையை முன்னோக்கித் தைத்துவிடலாகாது.

ஒரு கண்ணியின் இலக்கணம்

தில்லியின் குளிர்காலத்தை அறிந்தவர்களுக்குப் பின்னல் வேலை புதிதன்று. மார்கழி, தை மாதங்களில் வெயில் காயும் மொட்டை மாடிகளில், பஞ்சாபி அண்டை வீட்டார் நிலக்கடலையைக் கொறித்தபடியே இரண்டு நீண்ட ஊசிகளால் ஸ்வெட்டர் பின்னுவதைப் பார்த்துக் கற்றுக்கொண்ட தமிழ்ப் பெண்கள் பலர். குரோஷா அதனின் வேறானது. இதற்கு ஒரே ஊசி. அதன் நுனியில் ஒரு சிறு கொக்கி. ‘குரோஷே’ என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்கே சிறு கொக்கி என்றுதான் பொருள்.

இரட்டை ஊசிப் பின்னலில் ஒரு வரிசையின் கண்ணிகள் அனைத்தும் ஊசியில் வரிசையாகக் காத்திருக்கும். குரோஷாவில் எப்போதும் ஒரே ஒரு வளையம்தான் ஊசியில் இருக்கும். ஊசியை முன் சுற்றின் கண்ணி ஒன்றில் நுழைத்து, நூலை இழுத்து, ஊசியில் இரண்டு வளையங்கள் ஆனதும், மறுபடியும் நூலைக் கொக்கியில் மாட்டி இரண்டின் வழியாகவும் ஒருசேர இழுக்க வேண்டும். இதுவே ஒற்றைக் கண்ணி. இந்த ஒன்றை மட்டும் அறிந்தால் நமது கங்காருவுக்குப் போதும். இவ்வாறு கண்ணிகளைச் சுற்றிச் சுற்றிப் பின்னிப் பஞ்சடைத்துப் பொம்மை செய்யும் முறைக்கு ஜப்பானியர் ‘அமிகுருமி’ என்று பெயரிட்டுள்ளனர். இன்று அப்பெயரே உலகெங்கும் வழங்குகிறது.

தொடக்கம் இவ்வாறு: விரலில் நூலை ஒரு வளையமாகச் சுற்றி, அவ்வளையத்துக்குள் 6 கண்ணிகள் போட்டு, நூலின் வாலை இழுத்தால் நடுத்துளை அடைந்துவிடும். அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு போட்டால் 12. அதற்கடுத்த சுற்றில் ஒன்றுவிட்டு ஒன்றில் இரண்டு போட்டால் 18. இவ்வாறு சுற்றுக்கு ஆறாகக் கூட்டிக்கொண்டே சென்றால் தட்டையான வட்டம் உருவாகும்.

ஏன் ஆறு? பெரியம்மாவிடம் கேட்டதற்கு, “ஆறு போட்டால் படிந்து உட்காரும், எட்டு போட்டால் சுருங்கி அலையும்” என்றார். பள்ளியில் கற்ற வட்டக் கணக்கு இங்கே ஒளிந்திருக்கிறது. ஒற்றைக் கண்ணியின் உயரமும் அகலமும் ஏறத்தாழச் சமம். வட்டத்தின் ஆரம் ஒரு கண்ணியளவு கூடும்போது, சுற்றளவு 2 × 3.14, அதாவது 6.28 கண்ணியளவு கூட வேண்டும். அதற்கு அருகில் உள்ள முழு எண் 6. அதற்கு மேல் கூட்டினால் துணி மடிப்பு மடிப்பாக நெளியும். அந்த நெளிவையே பயன்படுத்தி, 1997ஆம் ஆண்டில் கார்னெல் பல்கலைக்கழகத்துக் கணித ஆசிரியை டைனா டைமினா, தாளில் வரைந்து காட்ட இயலாத ஒருவகை வளைபரப்பைக் குரோஷாவால் பின்னி மாணவர் கையில் கொடுத்தார். கைவேலை மூளைக்கு ஓய்வு என்று எண்ணுவோர் இதனைக் கருதுக.

கூட்டுவதை நிறுத்தினால் வட்டம் குழாயாக எழும். இரண்டு கண்ணிகளை ஒன்றாகச் சேர்த்துக் குறைத்துக்கொண்டே வந்தால் குழாய் மூடிக்கொள்ளும். கூட்டல், நிறுத்தல், குறைத்தல் ஆகிய இம்மூன்றே எல்லா உருவங்களுக்கும் வித்து.

செய்முறை

பழுப்பு நிறத்தில் நடுத்தரக் கனமுள்ள நூல் 60 கிராம், வெளிர் நிறத்தில் 10 கிராம், 3 மில்லிமீட்டர் குரோஷா ஊசி, தைப்பதற்கு முனை மழுங்கிய ஊசி ஒன்று, கண்ணுக்குக் கறுப்பு நூல், அடைக்கப் பாலியெஸ்டர் பஞ்சு ஆகியவை வேண்டும். இலவம்பஞ்சு தலையணைக்குச் சிறந்தது. ஆனால் குழந்தையின் பொம்மையை அடிக்கடி துவைக்க வேண்டியிருக்கும். நனைந்த இலவம்பஞ்சு திரண்டுபோகும். சுற்றின் தொடக்கத்தில் வேற்று நிற நூல்துண்டு ஒன்றை அடையாளமாக வைத்துக்கொள்க. இல்லையேல் எண்ணிக்கை தவறும். ஒரு கண்ணி தவறினால் உருவமே கோணிவிடும்.

தலை: மூக்கிலிருந்து தொடங்குக. 6, 9, 9, 12, 18, 24 என ஆறு சுற்றுகள். பின் 24 கண்ணியில் நான்கு சுற்றுகள். பஞ்சடைத்துக்கொண்டே 18, 12, 6 எனக் குறைத்து மூடுக. கண்ணிகள் 210.

உடல்: அடியிலிருந்து 6, 12, 18, 24, 30, 36 எனக் கூட்டுக. பின் 36இல் ஆறு சுற்றுகள், 30இல் நான்கு, 24இல் மூன்று, 18இல் மூன்று. கழுத்துப் பக்கத்தை மூடாமல் விட்டு, அழுத்தமாகப் பஞ்சடைத்துத் தலையோடு சேர்த்துத் தைக்க வேண்டும். கண்ணிகள் 588.

வால்: நுனியிலிருந்து 6இல் இரண்டு சுற்றுகள்; பின் 9, 12, 15, 18 ஒவ்வொன்றிலும் மும்மூன்று. கண்ணிகள் 174. மெல்ல நடக்கும்போது கங்காரு வாலை ஐந்தாவது காலாக ஊன்றுகிறது. நம் பொம்மையும் இரு பாதங்களையும் வாலையும் ஊன்றியே நிற்கவேண்டுமாதலால் வாலில் பஞ்சைக் கெட்டியாக அடைக்க வேண்டும்.

பின்னங்கால்கள்: பாதத்துக்கு 6, 12, பின் 12இல் எட்டுச் சுற்றுகள். தொடைக்கு 6, 12, 18, 24 எனத் தட்டை வட்டம். ஒரு காலுக்கு 174 ஆக, இரண்டுக்கும் 348. முன்னங்கால்கள் சிறியவை: 6, 8, பின் 8இல் ஏழு சுற்றுகள், இரண்டுக்கும் 140. காதுகள்: 6, 6, 9, 9, 12, 12, பஞ்சடைக்காமல் தட்டையாக மடித்துத் தைக்க வேண்டும், இரண்டுக்கும் 108.

பை: வெளிர் நிற நூலில் 15 சங்கிலிகள் போட்டு, 14 கண்ணிகள் கொண்ட பத்து வரிசைகள் பின்னுக. கண்ணிகள் 140. பக்கங்களைச் சற்று உள்ளே நெருக்கி வைத்து, வாய்ப்புறம் நீங்கலாக மூன்று ஓரங்களையும் வயிற்றில் தைத்தால், பை உப்பி நின்று குட்டிக்கு இடம் தரும்.

குட்டி: தலைக்கு 6, 12, 12, 12, 6, உடலுக்கு 6, பின் 12இல் ஐந்து சுற்றுகள். கண்ணிகள் 114. பைக்குள் மறைவதால் குட்டிக்குக் கால்கள் வேண்டா. காதுக்கு இரண்டு சிறு நூல் வளையங்கள் போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இவ்வளவு சிறிய குட்டி, மழலையின் வாய்க்குள் போய்த் தொண்டையை அடைக்கக்கூடியது. ஆகையால் இருபது சங்கிலிகள் கொண்ட ஒரு சிறு கயிற்றால் குட்டியைப் பையின் அடியோடு பிணைத்துவிட வேண்டும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு என்றால் அதுவும் கூடாது. குட்டியைப் பையோடு சேர்த்தே தைத்துவிடுக. கண்ணுக்கு மணியோ பொத்தானோ வைக்காமல் நூலால் பின்னுவதே உத்தமம். இயற்கையும் தன் சிசுவைக் காம்போடு பிணைத்தே அனுப்புகிறது என்பதை மேலே கண்டோமன்றோ?

எண்ணப்படாத மணிகள்

இனிக் கணக்குக்கு வருவோம். சங்கிலிகள் நீங்கலாக, மேற்கண்ட உறுப்புகளின் கண்ணிகளை எல்லாம் கூட்டினால் 1,822 ஆகிறது. பின்னுவதற்கு மட்டும் 3 மணி 50 நிமிடம் பிடித்தது. நிமிடத்துக்குச் சராசரி எட்டுக் கண்ணிகள். எண்ணிக்கை தவறி அவிழ்த்துப் போட்டதும் இதில் அடக்கம். பஞ்சடைத்து உறுப்புகளைத் தைத்துச் சேர்க்க 2 மணி 10 நிமிடம். முகம் பின்னவும், நூல்முனைகளை மறைக்கவும், குட்டியைப் பிணைக்கவும் 40 நிமிடம். ஆக 6 மணி 40 நிமிடம்.

நூலும் பஞ்சும் 70 ரூபாய். பெரியம்மாவுக்குக் கிடைத்த 150இல் அது போக எஞ்சியது 80 ரூபாய். அதாவது மணிக்கு 12 ரூபாய். இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டியபோது பெரியம்மா நெடுநேரம் பேசவில்லை. நம் வீடுகளில் பாத்திரம் துலக்க வரும் அம்மையாருக்கு மணிக்கு 12 ரூபாய் கொடுக்க நம்முள் எவரேனும் துணிவோமா? துணிந்தால் அவர்தாம் வருவாரா?

‘கடையில் இதே விலைக்குக் கரடி கிடைக்கிறதே’ என்ற கேள்விக்கும் விடை தேடினோம். கடையில் விற்கும் கரடியின் மேற்துணி எந்திரத்தில் நெய்யப்பட்டது. அதை அடுக்காக வைத்து வெட்டி, தையல் எந்திரத்தில் ஓட்டிவிடுகிறார்கள். இரட்டை ஊசிப் பின்னலுக்கும் எந்திரம் வந்து நானூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் சட்டத்தை அமைத்தது 1589இல். ஆனால் குரோஷாவுக்கோ, கடைச்சரக்காகப் பொம்மைகளைப் பின்னிக் குவிக்கும் எந்திரம் இன்னும் வழக்கில் வரவில்லை. ஊசியில் ஒரே வளையத்தை வைத்துக்கொண்டு, பின்னி முடித்த துணியில் உரிய துளையைத் தேடி நுழையும் அந்த அசைவு எந்திரத்துக்கு எளிதில் வசப்படுவதில்லை. தொழிற்சாலைகளில் ‘குரோஷே எந்திரம்’ என்று வழங்குவது உண்மையில் வேறொருவகைப் பின்னல் எந்திரமே.

ஆகவே, ஒன்றை நாம் நினைவில் கொள்ளவேண்டும். அங்காடியிலோ இணையக் கடையிலோ நூறு ரூபாய்க்கு ஒரு குரோஷா பொம்மை கிடைத்தால், அது எந்திரத்தின் மலிவு அன்று. எங்கோ ஒரு கை அதன் ஒவ்வொரு கண்ணியையும் இழுத்திருக்கிறது. அந்தக் கையின் மணிகளை எவரும் எண்ணவில்லை என்பதே அம்மலிவின் பொருள்.

இது இன்று நேற்றைய கதை அன்று. அயர்லாந்தில் 1845 முதல் சில ஆண்டுகள் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பெரும்பஞ்சம் வந்தபோது, ஏழைக் குடும்பங்கள் பல குரோஷா லேஸ் பின்னி விற்று உயிர் பிழைத்தன. நம் நாட்டிலும், ஆந்திரப் பிரதேசத்தின் மேற்குக் கோதாவரிக் கரையில் உள்ள நரசாபுரத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிறித்துவப் பாதிரிமார் குடும்பத்தினர் கற்பித்த குரோஷா லேஸ் வேலை வேரூன்றி, அயல்நாடுகளுக்கு ஏற்றுமதியாகும் தொழிலாயிற்று. ஜெர்மானிய அறிஞர் மரியா மீஸ் அவ்வூர்ப் பெண்களிடையே ஆராய்ந்து 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். வீட்டு வேலைகளுக்கு இடையே நாள்தோறும் பல மணி நேரம் லேஸ் பின்னிய அப்பெண்கள் தொழிலாளர்களாகக் கருதப்படவில்லை. அவர்கள் ‘இல்லத்தரசிகள்’; அவர்களது உழைப்பு ‘ஓய்வு நேரப் பொழுதுபோக்கு’. ஓய்வு நேரத்துக்குக் கூலி எதற்கு என்ற வாதத்தால், உலகச் சந்தைக்குச் சரக்குச் செய்த கைகளுக்கு மிகச் சொற்பக் கூலியே கிடைத்தது என்பதை அந்நூல் எடுத்துக்காட்டியது. நரசாபுரம் லேஸுக்கு 2024ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது மகிழ்ச்சிக்குரியது. ஊரின் பெயருக்குக் காப்பு வந்துவிட்டது. கைகளின் மணிக்கும் அவ்வாறே காப்பு வரவேண்டும்.

நம் மேசையருகே அந்த இளைஞர் சொன்ன ‘சும்மா இருக்கிற நேரம்’ என்பதும், நரசாபுரத்தின் ‘ஓய்வு நேரம்’ என்பதும் ஒரே சொல்தான். அச்சொல்லைப் பிறர் சொல்வதற்குமுன் நாமே சொல்லிக்கொள்கிறோம் என்பதுதான் வருந்தத்தக்கது. பெரியம்மா தாமே எண்ணவில்லை. 300 அதிகமோ என்று தாமே ஐயுற்றார்.

கொடையும் விலையும்

கைவேலை எல்லாவற்றையும் காசாக்க வேண்டும் என்று நாம் சொல்வதாக எவரும் கருதவேண்டா. பேரனுக்குப் பாட்டி பின்னும் பொம்மைக்கு விலை ஏது? கொடுப்பதன் இன்பம் தனி. அதற்கு அண்மைக் காலத்துச் சான்று ஒன்று, கங்காருவின் நாட்டிலிருந்தே கிடைக்கிறது.

2019ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் 2020இன் தொடக்கத்திலும் ஆஸ்திரேலியக் காடுகளில் பரவிய பெருந்தீயில், ஏறத்தாழ 300 கோடி விலங்குகளும் பறவைகளும் ஊர்வனவும் மாண்டோ இருப்பிடம் இழந்தோ போயின என்று உலக வனவுயிர் நிதியம் கணக்கிட்டது. தாயை இழந்த கங்காருக் குட்டிகளையும் கோவாலாக் குட்டிகளையும் மீட்டவர்கள், அவற்றுக்குப் பைகள் தேவை என்று வேண்டினர். பையின் வெம்மையும் இருளும் இல்லாமல் அச்சிறு உயிர்கள் தேறுவது அரிது. வேண்டுகோள் பரவியதும், பல நாடுகளிலும் உள்ளவர்கள் குரோஷா ஊசியையும் பின்னல் ஊசியையும் தையல் எந்திரத்தையும் எடுத்துக்கொண்டு அமர்ந்தனர். சில வாரங்களில் பைகள் மலையாய்க் குவிந்து, ‘போதும், இனி அனுப்பவேண்டா’ என்று சொல்லும் நிலை வந்தது.

அங்கேயும் ஒரு கணக்கு இருந்தது. குட்டியின் மேனியில் படும் உட்பை பருத்தித் துணியால் தைக்கப்பட்டதாக இருக்கவேண்டும். பின்னிய பை வெளியுறையாக மட்டுமே பயன்படும். கண்ணிகளுக்குள் குட்டியின் நகம் மாட்டிக்கொள்ளும் என்று அளவோடும் விதியோடும் கேட்டிருந்தார்கள். அன்பால் கொடுப்பதாயினும் தேவை அறிந்து, எண்ணிக் கொடுக்க வேண்டும் என்பதே இதனால் பெறும் பாடம். அத்தீயால் பெரிதும் துன்புற்ற கோவாலாவை, 2022ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய அரசு குவீன்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் முதலிய பகுதிகளில் அழியும் நிலையில் உள்ள பிராணியாக அறிவித்தது. அப்பிராணிகளின் உருவத்தைப் பின்னும் நம் குழந்தைகள் இதையும் அறிந்திருத்தல் நன்று.

கொடையாகக் கொடுக்கும்போது முழுதும் கொடுப்போம். விற்கும்போது மட்டும் அரைக்கொடையாக விற்கவேண்டா. விலையில் பாதியை நாணத்தால் விட்டுக்கொடுப்பது, வாங்குபவருக்கு நாம் செய்யும் உபகாரமும் அன்று. அவர் பெற்றது எதுவென்று அவருக்கே தெரியாமற் போகிறது.

இக்கருத்தோடு, பொங்கலை ஒட்டி நடந்த அடுத்த விற்பனையில் ஒரு சிறு மாற்றம் செய்தோம். ஒவ்வொரு கைவேலைப் பொருளோடும் ஒரு சீட்டைத் தொங்கவிட்டோம். கங்காருவின் சீட்டில், ‘1,822 கண்ணிகள், 6 மணி 40 நிமிடம், நூலும் பஞ்சும் 70 ரூபாய், விலை 470 ரூபாய்’ என்று எழுதினோம். மணிக்கு 60 ரூபாய் வீதம் போட்ட கணக்கு அது. பெரியம்மாவும் நாமுமாக ஐந்து கங்காருக்கள் செய்து வைத்தோம். மூன்று விற்றன, இரண்டு திரும்பி வந்தன. விலையைக் கேட்டுப் போய்விட்டவர்களும் உண்டு. ஆனால் சீட்டைப் படித்தவர்களில் ஒருவர்கூடச் ‘சும்மா இருக்கிற நேரம்’ என்று சொல்லவில்லை. ஓர் அம்மையார் சீட்டைத் தம் மகளுக்கு உரக்கப் படித்துக் காட்டினார். அச்சிறுமி பொம்மையை வாங்கிக்கொண்டு, வால் நுனியிலிருந்து கண்ணிகளை எண்ணத் தொடங்கினாள்.

திரும்பி வந்த இரண்டும் இப்போது சங்க அலமாரியில், ஒன்றன் தோள்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. பின்னக் கற்க விரும்பும் சகோதரிகளும், ஏன், சகோதரர்களும் அவற்றை மாதிரியாக எடுத்துப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் பெரியம்மா சங்கத்தில் இருப்பார். ஊசியையும் நூலையும் அவர் பக்கத்தில் வைத்திருப்பார். இப்போது அவற்றோடு ஒரு கைக்கடிகாரத்தையும் வைத்துக்கொள்கிறார்.